அரை அங்குலச் சலுகை

சென்னை வேளச்சேரியில் டியூஷன் பலகைகளுக்கு நடுவே இப்போது ரோபோட்டிக்ஸ் வகுப்புப் பலகைகளும் தொங்குகின்றன. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம் பள்ளிகளில் 10,000 அடல் டிங்கரிங் ஆய்வகங்களை அமைத்தது. அரசுப் பள்ளிகளுக்கு மேலும் 50,000 ஆய்வகங்களை 2025 பட்ஜெட் அறிவித்தது. ஆய்வகங்கள் பெருகினால் ரோபோ போட்டிகளும் பெருகும். அவற்றுக்கு நடுவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

'பசங்கதானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்க சார்' என்பது பெற்றோரின் வழக்கமான மன்றாட்டு. இரக்கம்போலத் தெரிந்தாலும் அது அநீதி. டீன் கேமன் 1989இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பின் டெக் சாலஞ்ச் போட்டியில், ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். அரை அங்குலம் துருத்தும் ரோபோவை அனுமதித்தால், அந்த அளவுக்காகவே தன் ரோபோவின் கை நீளத்தைக் குறைத்து, எட்டக்கூடிய புள்ளிகளைத் துறந்த அணி ஏமாறுகிறது. பொறியியலில் கட்டுப்பாடும் கணக்கின் ஒரு பகுதிதான்.

ஆனால், கண்டிப்புக்கான உரிமை முன்கூட்டியே சம்பாதிக்கப்பட வேண்டும். உலக ரோபோ ஒலிம்பியாட்டில் போட்டியன்றுதான் 'திடீர் விதி' அறிவிக்கப்படுகிறது. ஆனால், அப்படி ஒன்று வரும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். இரண்டு பக்க விதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, காலையில் அவற்றை மாற்றும் அமைப்பாளருக்கு அந்த உரிமை இல்லை.

டெக் சாலஞ்சில் தலைமை நடுவர் காணொளிப் பதிவைப் பார்த்துத் தீர்ப்பை மாற்றுவதில்லை. சேப்பாக்கம் கிரிக்கெட்டில் மூன்றாம் நடுவருக்குப் பல கேமராக்கள் உண்டு. இங்கோ இரண்டரை நிமிட ஆட்டங்கள் அடுத்தடுத்து நடக்கின்றன, நடுவர்கள் தன்னார்வலர்கள். எந்த அப்பாவின் செல்பேசியைச் சாட்சியாக ஏற்பது? தவறான தீர்ப்பு சில நேரம் நிலைத்துவிடும் என்பது உண்மைதான். அதற்கு ஈடாக, கேள்வி கேட்கும் இடம் ஒன்று உண்டு. அங்கே நின்று பேச வேண்டியவர் மாணவர். பயிற்றுநரோ பெற்றோரோ அல்ல. குரலை உயர்த்தாமல், விதி எண்ணைச் சொல்லி வாதாட ஒரு சிறுமி அங்கே கற்றுக்கொள்கிறாள்.

நம் போட்டிகளுக்குத் தேவையானவை எளியவை. விதிகளை முன்பே வெளியிடுங்கள். ஓர் அணியின் ஐயத்துக்குத் தரும் விளக்கத்தை எல்லா அணிகளுக்கும் அனுப்புங்கள். அளவையும் எடையையும் ஆட்டத்துக்கு முன்பே சோதியுங்கள். தண்டனைப் புள்ளியுடன் விதி எண்ணையும் தாளில் எழுதுங்கள். களத்தில் தன் மாணவர்கள் நிற்கும்போது பயிற்றுநரை நடுவராக்காதீர்கள்.

ஓர் அடல் ஆய்வகத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நடுவர் பயிற்சிக்கு அதில் ஒரு சிறு துளி போதும். வேளச்சேரியை ஒட்டியே ஐஐடி இருக்கிறது. அதன் மாணவர்களுக்குப் பயிற்சி தந்து களமிறக்கினால், சென்னைப் போட்டிகளின் நடுவர் பஞ்சம் பெருமளவு தீரும்.