தோள்வலி விழுப்புண் அன்று

ஹைதராபாத்தின் கிரானைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமை உடையவை. காஜாகுடாவிலும் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்திலும் எஞ்சியுள்ள பாறைகளில் இளைஞர்கள் கயிறின்றி ஏறிப் பழகுகின்றனர். பாறையேறுவோர் கூடும் இடங்களிலெல்லாம் ஒரு நம்பிக்கையும் உடன் வருகிறது: தோள் வலிக்காதவர் உண்மையாக உழைக்கவில்லை என்பது. வலியை விழுப்புண்ணாகக் கொண்டாடும் இம்மனப்போக்கு வீரமன்று. உடலைப் பற்றிய அறியாமை.

தோள்மூட்டு உரலுக்குள் உலக்கைபோல் ஆழப் பொருந்தியதன்று. சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சையை ஒத்தது. அதை நிலைநிறுத்துபவை பெரும்பாலும் நான்கு சிறிய சுழல்தசைகளும் தோள்பட்டை எலும்பை இயக்கும் தசைகளுமே. பாறையேற்றமோ இழுக்கும் தசைகளையும், கையை உட்புறம் திருப்பும் தசைகளையும் இடையறாது வளர்க்கிறது. வெளிப்புறம் திருப்பும் தசைகள் பின்தங்குகின்றன. இச்சமனின்மையோடு மற்றொன்றும் சேர்கிறது: தசை சில வாரங்களில் வலுப்பெறும், தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். தேர்வுக்காக இரு மாதம் விலகியிருந்த மாணவர் திரும்பிய முதல் நாளே பழைய கடினநிலையை எட்ட முயல்வது இந்த இடைவெளியில்தான் முறிகிறது. அதை விபத்து என்று அழைப்பது பொருந்தாது.

பயிற்சிக் கருவிகளின் வரலாறும் மறக்கப்படுகிறது. வொல்ஃப்காங் குல்லிச் 1988இல் நியூரம்பர்க்கில் கேம்பஸ் போர்டை உருவாக்கியபோது அவர் உலகின் தலைசிறந்த ஏறுநர்களுள் ஒருவர். அத்தகையவருக்கென அமைந்த கருவியில், கால் ஊன்றாமல், ஆறு மாதப் பழக்கமே உள்ளவரைத் தொங்கவிடுவதைப் பயிற்சி என்று எவ்வாறு சொல்வது?

'ஏறினாலே தோள் வலுக்கும், தனிப்பயிற்சி எதற்கு?' என்பது வழக்கமான மறுப்பு. ஏறும்போது வலுப்பது ஏற்கெனவே வலுத்த தசையே என்பதை அது காண மறுக்கிறது. ரப்பர் பட்டையைக் கொண்டு கையை வெளிப்புறம் திருப்பும் பயிற்சி, தண்டால், உடலைச் சூடேற்றிய பின்னரே ஏறுதல், தொங்கும்போது தோளைத் தளரவிடாது தோள்பட்டையை இறுக்கி நிறுத்துதல், கடின நாள்களுக்கிடையே ஓய்வு: இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை.

மறுமுனையில், அறுவைசிகிச்சை எல்லாவற்றையும் சீராக்கிவிடும் என்ற எண்ணம் நிற்கிறது. தோள்முனை எலும்பின் அடியில் இடம் உண்டாக்கும் அறுவைசிகிச்சையைப் பிரிட்டனில் 313 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2018இல் லான்செட் இதழில் வந்தது. எலும்பைச் செதுக்காத போலி அறுவையைவிட அது குறிப்பிடத்தக்க நன்மை தரவில்லை. அவ்வாய்வு பாறையேறுநர்களைப் பற்றியதன்று. முழுதாய்க் கிழிந்த தசைநாணுக்கும் நழுவும் மூட்டுக்கும் அம்முடிவைப் பொருத்தவும் இயலாது. ஆயினும் கத்தியை நம்பித் தடுப்பைக் கைவிடுவோருக்கு அது போதிய எச்சரிக்கை.

கையின் வலு குறைந்தாலோ, இரவில் வலி உறக்கத்தைக் கெடுத்தாலோ, மூட்டு நழுவுவதுபோல் தோன்றினாலோ மருத்துவரை நாடவேண்டும். அதைச் சொல்லத் தயங்கும் மாணவர் தம் குழுவின் ஏளனத்துக்கே அஞ்சுகிறார். ஆகவே பொறுப்பு அவருடையது மட்டுமன்று. புதியவருக்கு முதல் நாளில் பாறையைக் காட்டும் மாணவர் குழுக்கள், அன்றே தோளைக் காக்கும் முறையையும் கற்பிக்கவேண்டும். வலிக்கிறது என்று சொல்லி இறங்குபவரை மதிக்கவும் பழகவேண்டும்.