கேட்காமல் வைத்த பெயர்

யாழ்ப்பாணக் கலாசார மையத்தின் பெயரில் 'யாழ்ப்பாணம்' திரும்பவும் ஏறிவிட்டது. 2025 ஜனவரி 18ஆம் திகதி விழா மேடையில் மையத்துக்குத் திருவள்ளுவரின் பெயரைச் சூட்டியபோது காணாமற்போன ஊர், கண்டனங்கள் கிளம்பிய சில நாட்களுக்குள் திருவள்ளுவருக்கு முன்னால் வந்து நிற்கிறது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாம். ஊரின் பெயரை எடுத்தபோதும் யாரையும் கேட்கவில்லை. திரும்ப ஒட்டியபோதும் கேட்கவில்லை. பிறகு எது தீர்ந்தது?

வள்ளுவரோடு எமக்கு வழக்கு ஏதும் இல்லை. குறள் ஒலிக்காத பள்ளிக்கூட மேடை எங்கள் வன்னியில் கிடையாது. ஆனால் மையம் நிற்பது மாநகர சபையின் காணியில், புல்லுக்குளத்துக்கும் 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்துக்கும் பக்கத்தில். அந்த மண்ணில் நின்றுகொண்டு ஊரின் பெயரை வெட்டலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதுதான் உறுத்துகிறது. போதாக்குறைக்குப் புதிய பெயரைக் காட்டியபோது தமிழுக்குக் கிடைத்தது மூன்றாவது இடம். வடக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொல்கிறது. வள்ளுவரைக் கௌரவிக்க வந்தவர்கள் வள்ளுவரின் மொழியைக் கடைசியில் இருத்தினார்கள்.

மையம் இந்திய-இலங்கை நட்பின் சின்னம் என்கிறார்கள். மறுக்கவில்லை. அதைக் கட்டிய 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய மக்களின் பணம்; 600 பேர் அமரும் அரங்கு எமக்குப் பெரிய கொடைதான். அதற்காக, பிள்ளைக்குச் சங்கிலி போட்ட மாமன் பெயரையும் மாற்றிவிட்டுப் போவதா? சீனா கொழும்பில் மாநாட்டு மண்டபம் கட்டிக்கொடுத்து, 1973இல் அது திறக்கப்பட்டது. அதற்குக் கன்பூசியஸ் பெயரையா வைத்தார்கள்? பண்டாரநாயக்கவின் பெயர்தான் இன்றும் இருக்கிறது. கொழும்பில் காட்டத் தெரிந்த மரியாதை ஆனையிறவுக்கு வடக்கே ஏன் மறந்துபோகிறது?

இதே மையம் கட்டி முடிந்தது 2020இல். 2022 மார்ச்சில் காணொளித் திரையில் திறந்தார்கள். மக்களிடம் கையளித்தது 2023 பெப்ரவரியில். யார் நடத்துவது என்று தீர்மானிக்க ஆண்டுக்கணக்கு எடுத்தவர்களுக்கு, பெயரை மாற்ற ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

யாழ்ப்பாணத்துச் சங்கதியில் வன்னிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் பொருத்து வீட்டை மறந்திருக்க மாட்டார்கள். போரில் வீடிழந்தவர்களுக்கென்று அரசு கொண்டுவந்த திட்டம் அது: 65,000 இரும்பு வீடுகள், ஒன்று 21 இலட்சம் ரூபா. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த ஐந்தரை இலட்சத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த ஐந்தரை இலட்சம் காணாமல் கடன்பட்டுச் சுவர் எழுப்பிய சனத்திடம், எங்கள் வெயிலில் இரும்புக்குள் இருப்பீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் அந்தத் திட்டம் படுத்தது. வவுனியாப் பொருளாதார மையத்துக்கு ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016 முழுக்க இழுபட்டு, கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டிப் பூட்டி வைத்தார்களே, அதில் மரக்கறி கொண்டுவரும் கமக்காரனின் அபிப்பிராயம் எந்தக் கோப்பில் இருக்கிறது? கட்டடத்தின் மேல் எழுதுவதற்கு முன்னால் கேட்கும் பழக்கமே மேலிருந்து முடிவெடுப்பவர்களிடம் இல்லை.

இனியாவது கேட்டுச் செய்யட்டும். யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதற்கு ஒரு வழியை அவர்களே காணட்டும். கேட்பதற்கு அங்கே ஆளில்லை என்று மட்டும் சொல்லவேண்டாம். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. இரண்டுக்கும் தேர்தலைத் தள்ளித் தள்ளி, பெயர் மாறிய நேரத்தில் அந்தக் கதிரைகளை வெறுமையாக வைத்திருந்தவர்கள் கொழும்பு ஆட்சியாளர்கள்தான்.