ஆர்.எக்ஸ். வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

நம்ம காலேஜ் பார்க்கிங்கில் காலையில் 8.40 மணிக்கு ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் புகையும் வரும். இரண்டுக்கும் சொந்தக்காரன் நான்தான். பக்கத்தில் லைப்ரரியில் உட்கார்ந்து படிக்கிறவங்ககிட்ட முதல்ல ஒரு மன்னிப்பு.

மூணு வருசமா சின்னமனூரிலிருந்து தினமும் அந்த வண்டியில்தான் வர்றேன். அப்பாவோட யமஹா ஆர்.எக்ஸ். 100, 1995 மாடல். தேனி தனி மாவட்டம் ஆகுறதுக்கு முன்னாடி பிறந்த வண்டி. போய்வர சுமார் 50 கிலோமீட்டர். இந்த செமஸ்டரில் மட்டும் நாலு ஜூனியர் பசங்க வந்து, "அண்ணே, எங்கயாவது ஒரு ஆர்.எக்ஸ். இருந்தா சொல்லுங்கண்ணே" என்று கேட்டுட்டாங்க. அதில் ஒருத்தன் கடன் வாங்கியாவது எடுக்கணும் என்ற முடிவில் இருக்கான். நாலு பேருக்கும் தனித்தனியா சொல்றதைவிட இங்கே எழுதிடலாம்னு தோணுச்சு.

வெளிநாட்டில் முப்பது வருசப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினமும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறவங்க இருக்காங்க. நம்ம கம்பம் பள்ளத்தாக்கில் யார் வீட்டுத் திண்ணை ஓரமும் போர்ஷே நின்னதில்லை. எங்க அப்பா தலைமுறைக்கு ஸ்போர்ட்ஸ் கார்னா அது ஆர்.எக்ஸ். 100தான். 1985இல் வந்து 1996இல் நின்னுபோன வண்டி. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், சுமார் 11 குதிரைத்திறன். எடை 103 கிலோ. அதாவது ஒரு குதிரை இழுக்க வேண்டியது ஒன்பதரை கிலோவுக்கும் கம்மி. இன்னைக்கு ஷோரூமில் நிற்கிற 100 சி.சி. வண்டி சுமார் 8 குதிரைத்திறன், 110 கிலோ. அங்கே ஒரு குதிரைக்கு 14 கிலோ. வீரபாண்டி தாண்டி ரோடு காலியா இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முறுக்கினா முதுகில் யாரோ தள்ளுற மாதிரி இருக்குதே, அதுக்கு மாயம் எதுவும் காரணமில்லை. இந்தக் கணக்குதான்.

சரி, தினமும் ஓட்ட முடியுமா? முடியும். சொல்லப்போனா தினமும் ஓட்டினாத்தான் நல்லா இருக்கும். ஷெட்டில் துணி போட்டு மூடி வச்சு, தீபாவளிக்கும் ரீல்ஸுக்கும் மட்டும் வெளியே எடுக்கிற ஆர்.எக்ஸ்.தான் அதிகமா மக்கர் பண்ணும். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கி ஜெட் அடைக்கும். கிராங்க் பக்கத்து ஆயில் சீல் காஞ்சு வெடிக்கும். இப்போ வர்ற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. அது காத்தில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். இந்த வண்டியோட ரப்பர் பாகங்கள் அதை நினைச்சுச் செஞ்சதும் இல்லை. ஓடுற வண்டியில் பெட்ரோல் மாறிக்கிட்டே இருக்கும். நிற்கிற வண்டியில்தான் அது தேங்கி வேலையைக் காட்டும்.

ஆனா தினமும் ஓட்டணும்னா தினமும் கவனிக்கணும். அங்கேதான் நம்ம பசங்க சறுக்குறாங்க. நான் சறுக்கின கதையைச் சொல்றேன்.

பல ஆர்.எக்ஸ்.களில் ஆயில் பம்பைக் கழற்றிட்டு, டூ-டி ஆயிலைப் பெட்ரோலிலேயே கலந்து ஊத்துவாங்க. எங்க வண்டியும் அப்படித்தான். லிட்டருக்கு 20 மில்லி. போன செமஸ்டர் தேர்வுக்கு முந்தின நாள் நண்பன் ஒருத்தன் அவசரமா வண்டி கேட்டான். சாவியைக் கொடுத்தேன். நல்ல பையன், திருப்பித் தரும்போது ரெண்டு லிட்டர் பெட்ரோலும் போட்டுத் தந்தான். ஆயில் கலக்கணும்னு அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. டேங்க் கிட்டத்தட்டக் காலியாத்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளன கிளம்பினேன். சீலையம்பட்டி தாண்டி கொஞ்ச தூரம்தான். எஞ்சின் சத்தம் மாறுச்சு, இழுவை விழுந்துச்சு, அடுத்த நொடி பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கிச்சு. பிஸ்டன் சூட்டில் விரிஞ்சு சிலிண்டரைக் கவ்விட்டது. கிளட்ச்சைப் பிடிச்சதால் கீழே விழாம ஓரங்கட்டினேன். பின்னாடி பஸ் வந்திருந்தா இந்தக் கட்டுரையை வேற யாராவது எழுதியிருப்பாங்க. வாழைத்தார் ஏத்திக்கிட்டு வந்த ஒரு மினி வேன்காரர் நிறுத்தி, "ஏறுப்பா" என்றார். தேர்வு ஹாலுக்குள் போகும்போது 20 நிமிஷம் தாமதம். அரை மணி நேரத்துக்குள் என்பதால் விட்டாங்க. அந்தப் பேப்பரில் கையெழுத்தைப் பார்த்தாலே கை நடுங்கினது தெரியும்.

மெக்கானிக் அண்ணன் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்துட்டு ஒண்ணும் திட்டலை. "தம்பி, இதுக்கு இன்னும் ரெண்டு ஆயுசுதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். சிலிண்டரில் கோடு விழுந்தா கால் மில்லிமீட்டர் கடைஞ்சு பெரிசாக்கி, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு படி. அதுக்கு மேலே சிலிண்டரையே மாத்தணும். முதல் படி அப்பா காலத்தில் 28 வருசம் தாங்குச்சு. இரண்டாவது படியை நான் ஒரே நாளில் செலவழிச்சேன்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு ஆறுதல். கம்பெனியில் வரும்போது போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. போட்டுப் பாருங்க, 98.17 சி.சி. வரும். அரை மில்லிமீட்டர் கடைஞ்ச பிறகு 100.15. முப்பது வருசம் கழிச்சு எங்க வண்டி இப்போதான் உண்மையிலேயே 100 சி.சி. ஆகியிருக்கு. அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிக்கலை.

அடுத்து மலை. நம்ம ஊரில் பைக் வச்சிருந்தா ஒருநாள் போடிமெட்டுக்கோ குமுளிக்கோ போகாம இருக்க மாட்டோம். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஆர்.எக்ஸ். ராஜா. இறங்கும்போதுதான் அதோட வயசு தெரியும். முன்னாடியும் டிரம் பிரேக், பின்னாடியும் டிரம் பிரேக். விடாம அழுத்திக்கிட்டே இறங்கினா சூடேறிப் பிடிப்பு குறையும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி மாதிரி கியரில் விட்டு எஞ்சின் பிடிக்கும்னு நம்பவும் முடியாது. டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு ரொம்பக் கம்மி. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆயில் பெட்ரோலோட சேர்ந்துதான் உள்ளே போகுது. ஆக்சிலரேட்டரை முழுசா மூடிட்டு எஞ்சின் வேகமாச் சுத்த இறங்கினா, பிஸ்டனுக்கு ஆயிலும் போகாது. அதனால் மெதுவா, விட்டு விட்டு பிரேக் பிடிச்சு, நடுநடுவே லேசா ஆக்சிலரேட்டர் கொடுத்து இறங்கணும். பின்னாடி ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு ஏலக்காய் ஜீப்களோட போட்டி போட்டு இறங்குறவங்க தயவுசெஞ்சு இந்தப் பத்தியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

தினசரிச் சங்கடங்கள் இன்னும் இருக்கு. ஆனி, ஆடிக் காத்து காலையில் நம்மளைத் தேனிப் பக்கம் தள்ளிவிடும். சாயங்காலம் நெஞ்சில் கை வச்சு நிறுத்தும். நூறு கிலோ வண்டி லாரியைக் கடக்கும்போது ஒரு அடி தள்ளாடும். ஐப்பசி மழையில் பிளக் மூடிக்குள் தண்ணி போனா அம்புட்டுத்தான், நடை. ராத்திரி எதிரில் வர்ற பஸ் வெளிச்சத்தில் நம்ம ஹெட்லைட் எங்கே போச்சுன்னே தெரியாது. என் பையில் லேப்டாப் இருக்கோ இல்லையோ, ஒரு ஸ்பேர் பிளக், பிளக் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், 200 மில்லி டூ-டி ஆயில் எப்பவும் இருக்கும்.

செலவு? லிட்டருக்கு எனக்கு 40 கிலோமீட்டர் கிடைக்குது. புது 100 சி.சி. வண்டி 60 கொடுக்கும். 50 கிலோமீட்டருக்கு நான் ஒன்றேகால் லிட்டர் எரிச்சா, பக்கத்து வண்டிக்காரன் ஒரு லிட்டர்கூட எரிக்க மாட்டான். ஆயிலையும் சேர்த்தா தினமும் அவனைவிட சுமார் 50 ரூபாய் அதிகம். மாசம் 24 நாளுக்கு 1,200. இது போக ஆர்.சி. புதுப்பிக்கிறது. முதல் 15 வருசம் முடிஞ்சதும் அஞ்சு வருசத்துக்கு ஒருமுறை. 20 வருசத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு 2025 ஆகஸ்ட்டில் கட்டணத்தை 2,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி.

பசுமை என்றதும் ஒரு உண்மையை ஒத்துக்கிறேன். இந்த வண்டியோட புகைக்கு என்னிடம் நியாயம் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும்போதே எரிஞ்ச புகை வெளியே போகுது. அதோட ஒரு பங்கு எரியாத பெட்ரோலும் ஓடிப்போகும். மாசுக் கட்டுப்பாடு இறுக இறுக இந்த இனமே மறைஞ்சதுக்குக் காரணம் அதுதான். "அந்தக் கால வண்டி மாதிரி வருமா" என்று பேசுறவங்க இதையும் சேர்த்துப் பேசணும். நான் செய்யக்கூடியது ஆயிலை அளவோட கலக்குறது, சைலன்சரில் சேர்ற கரியைச் சுரண்டி எடுக்குறது, தேவையில்லாம ஐடிலில் நிறுத்தி உறும விடாம இருக்குறது. அவ்வளவுதான்.

சைலன்சர் என்றதும் அதை அறுக்கிற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம படிக்கிறது இன்ஜினியரிங். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் வெறும் குழாய் இல்லை. அதோட வடிவத்தால் எழும்புற அழுத்த அலை திரும்பி வந்து, ஓடிப்போற கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும். அதை அறுத்தா சத்தம் கூடும், இழுவை குறையும். ஊர் திட்டும், போலீஸ் பிடிக்கும், வண்டியும் மெதுவாப் போகும். இதுக்குக் காசு வேற கொடுக்கிறீங்க.

இவ்வளவு சொல்லிட்டு நீ ஏன்டா ஓட்டுறேன்னு கேட்பீங்க. போன தை மாசம் ஒருத்தர் வீட்டுக்கே வந்து 1,20,000 ரூபாய் தர்றேன்னார். தங்கச்சிக்கு இந்த வருசம் காலேஜ் சேர்க்கை. எங்க வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அம்மா வித்துரலாம்னாங்க. அப்பா என்னைப் பார்த்து, "ஓட்டுறதா இருந்தா வச்சுக்க. படம் பிடிச்சுப் போடத்தான்னா இன்னைக்கே கொடுத்துரு" என்றார்.

ரெண்டு நாள் யோசிச்சேன். கல்யாண வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போனது, திராட்சைத் தோட்டத்துக்கு மருந்து வாங்கிப் போட்டது, நான் பிறந்த அன்னைக்கு அப்பா கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தது எல்லாம் இந்த வண்டியில்தான். ஆனா அந்த ஞாபகத்துக்காக மட்டும் வச்சிருக்க முடியாது. ஞாபகம் ஃபீஸ் கட்டாது. கடைசியில் ஒரு ஏற்பாடு பண்ணினோம். வண்டியோட கூடுதல் செலவு என் பொறுப்பு. சனி, ஞாயிறு மெக்கானிக் அண்ணன் கடையில் வேலை பார்த்து அதை ஈடுகட்டுறேன். அடுத்த ஆர்.சி. புதுப்பிக்கிறதுக்குள் என்னால் முடியலைன்னா வித்துடணும். தங்கச்சிதான் சாட்சி.

அதனால் தம்பிகளா, கடன் வாங்கி ஆர்.எக்ஸ். எடுக்காதீங்க. வீட்டில் ஏற்கெனவே ஒண்ணு நின்னா, துணியை எடுத்துட்டு ஓட்டுங்க. வாங்கியே தீரணும்னா, பெயின்ட்டைப் பார்க்காதீங்க. ஆர்.சி.யில் இருக்கிற எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருக்கிறதோட பொருந்துதான்னு பாருங்க. சிலிண்டர் எத்தனையாவது ஓவர்சைஸ்னு கேளுங்க. விற்கிறவர் முழிச்சா, கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

வாங்கின பிறகு யாருக்காவது சாவி கொடுத்தா, லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்பதையும் சொல்லிக் கொடுங்க. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் பண்ணத் தெரியாதவங்க எந்த வெள்ளிக்கிழமையும் கடைசி பீரியடுக்கு அப்புறம் பார்க்கிங்குக்கு வரலாம். உப்புத்தாள் என்கிட்ட இருக்கு.