மின்சார 'டர்ட் பைக்': வாகனம் தயார், ஓட்டுவதற்குக் களம் எங்கே?

பெங்களூரு: ஆர்.வி. சாலையையும் பொம்மசந்திராவையும் இணைக்கும் நம்ம மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதன் தென்கோடி முனையமான பொம்மசந்திரா, மருந்து ஆலைகளுக்கும் இயந்திர உதிரிபாகப் பட்டறைகளுக்கும் பெயர்பெற்ற தொழிற்பேட்டை. இணைப்புச் சாலை வழியாக அதனுடன் பிணைந்துள்ள ஜிகனியில்தான் 'அல்ட்ராவயலெட்' நிறுவனத்தின் மின்சார மோட்டார் சைக்கிள் ஆலை இயங்குகிறது. மண் தடங்களிலும் மலைப்பாதைகளிலும் ஓட்டுவதற்கான 'டர்ட் பைக்' வகை வாகனம் மின்சாரத்துக்கு மாறும் போக்கில் இந்தியாவின் பங்கு என்னவாக இருக்கும் என்ற கேள்வி, இப்போது இந்தப் பகுதியை மையமாகக் கொண்டு எழுந்துள்ளது.

அந்நிறுவனம் 2025 மார்ச் 5-ஆம் தேதி 'ஷாக்வேவ்' என்ற மாதிரியை அறிவித்தது. 120 கிலோ எடை, 4 கிலோவாட் மணி மின்கலம், 14.5 குதிரைத்திறன், மணிக்கு 120 கி.மீ. உச்ச வேகம், இந்திய ஓட்டச் சோதனை முறைப்படி ஒருமுறை சார்ஜ் செய்தால் 165 கி.மீ. தொலைவு ஆகியவை அதன் அறிவிக்கப்பட்ட சிறப்புகள். அறிமுகத்தின்போது அறிவிக்கப்பட்ட விலை ரூ.1.75 லட்சம். முதல் 1,000 பேருக்கு ரூ.1.50 லட்சம் என அறிவிக்கப்பட்டிருந்தது. 2026-ன் முதல் காலாண்டில் விநியோகம் தொடங்கும் என்று அப்போது கூறப்பட்டது.

இந்த எண்களில் கவனிக்கத்தக்கது எடையே. இப்பிரிவில் பரவலாக அறியப்பட்ட பெட்ரோல் வாகனமான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 210-இன் எடை ஏறத்தாழ 170 கிலோ. சேற்றில் சிக்கிய வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டிய ஓட்டுநருக்கு 50 கிலோ வித்தியாசம் சிறியதன்று. கிளட்சும் கியரும் இல்லை. மோட்டாரின் இழுவிசை தொடக்கத்திலிருந்தே முழுமையாகக் கிடைக்கும். புதிதாகக் கற்பவருக்கு இது பெரும் வசதி.

ஆற்றல் கணக்கு

மறுபக்கம் ஆற்றல் இருப்பு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி ஆற்றல் உண்டு. ஆனால், எஞ்சின் அதில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. மின்மோட்டாரோ மிகக் குறைவாகவே இழக்கிறது. இதைக் கணக்கில் கொண்டாலும், 4 கிலோவாட் மணி மின்கலம் சுமார் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கே ஈடாகும். எக்ஸ்பல்ஸின் தொட்டியோ 13 லிட்டர் கொள்ளும். மணலிலும் ஏற்றத்திலும் மின்நுகர்வு பன்மடங்கு உயரும் என்பதால், சாலைக்குரிய 165 கி.மீ. என்ற எண்ணைக் காட்டுத்தடத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது. எனவே நெடும்பயணத்தைவிட, சார்ஜ் வசதியுள்ள ஓரிடத்தைச் சுற்றிய சில மணி நேர ஓட்டத்துக்கே இவ்வகை வாகனம் இன்று ஏற்றது.

உலக அனுபவம்

பிற நாடுகளின் அனுபவம் நம்பிக்கை, எச்சரிக்கை இரண்டையும் தருகிறது. ஸ்பெயினின் 'ஸ்டார்க் ஃப்யூச்சர்' நிறுவனத்தின் 'வார்க்' வாகனம், மின்சார மோட்டோகிராஸ் பெட்ரோல் வாகனத்துக்கு நிகராக நிற்க முடியும் என்று காட்டியது. ராயல் என்ஃபீல்டின் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ், 2022 டிசம்பரில் அதில் 5 கோடி யூரோ முதலீட்டை அறிவித்தது. 2024-இல் ஜப்பானின் ஒசாகாவில் தொடங்கிய எஃப்.ஐ.எம். இ-எக்ஸ்ப்ளோரர் மின்சார மோட்டார் சைக்கிள் உலகக் கோப்பையில், பெங்களூரு வீராங்கனை ஐஸ்வர்யா பிஸ்ஸே இடம்பெற்ற இந்திய அணியும் களமிறங்கியது.

அதே வேளையில், தரமான மின்சார டர்ட் பைக்கைத் தயாரித்த அமெரிக்காவின் 'ஆல்டா மோட்டார்ஸ்' 2018 அக்டோபரில் மூடப்பட்டது. ஸ்வீடனின் 'கேக்' நிறுவனம் 2024 பிப்ரவரியில் திவாலானது. பாராட்டைப் பெற்ற வாகனங்கள் போதிய வாடிக்கையாளர்களைப் பெறவில்லை. மண்தடத்தில் மட்டுமே ஓடும் விலையுயர்ந்த பொருளுக்குச் சந்தை குறுகியது என்பதே இதன் பாடம்.

ஷாக்வேவ் சாலையிலும் பதிவு செய்து ஓட்டத்தக்க வாகனமாகத் திட்டமிடப்பட்டிருப்பதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். வார நாட்களில் அலுவலகம், விடுமுறையில் மலைப்பாதை என இரட்டைப் பயன் இருந்தால்தான் இந்திய நடுத்தரக் குடும்பம் ஒன்றரை லட்சம் ரூபாய் செலவிடும்.

விலைச் சாதகம் குறைகிறது

விலையிலும் நிலைமை மாறிவருகிறது. 350 சிசி வரையிலான பெட்ரோல் இருசக்கர வாகனங்களுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மின்சார வாகனங்களுக்கு அது 5 சதவீதமாகவே தொடர்கிறது. ஆக, 23 புள்ளிகளாக இருந்த வரி இடைவெளி 13 ஆகச் சுருங்கியுள்ளது. பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார இருசக்கர வாகனங்களுக்கான மானியமும், கிலோவாட் மணிக்கு ரூ.5,000 என்பதிலிருந்து 2025 ஏப்ரலில் ரூ.2,500 ஆகப் பாதியானது. மோட்டார்களுக்குத் தேவையான அரியமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா அதே மாதம் விதித்த கட்டுப்பாடு உற்பத்தியாளர்களை நெருக்கியது. அத்தகைய காந்தங்களை உள்நாட்டிலேயே தயாரிக்க ரூ.7,280 கோடி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அதன் பலன் கிட்டச் சில ஆண்டுகள் ஆகலாம்.

சட்டமும் காடும்

எனினும், இத்துறையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது விலையோ மின்கலமோ மட்டுமல்ல; ஓட்டுவதற்கான இடமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவுப்படி, பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. எனவே பதிவற்ற டர்ட் பைக்குகளுக்குத் தனியார் தடங்களே கதி. அத்தகைய தடங்கள் பெங்களூரு, புனே போன்ற சில நகரங்களைச் சுற்றி மட்டுமே உள்ளன.

குழந்தைகளுக்கான மாதிரிகளும் வரத் தொடங்கிவிட்டன. ஹீரோ மோட்டோகார்ப்பின் 'விடா' பிரிவு, சிறார்களுக்கான மின்சார டர்ட் பைக்கை 2025-இல் அறிமுகப்படுத்தியது. மைதானத்தில் தொடங்கும் விளையாட்டு தெருவுக்கு வந்தால் பொறுப்பு பெற்றோருடையதாகும். சிறார் வாகனக் குற்றத்துக்குப் பாதுகாவலருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்க 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் இடமளிக்கிறது.

ஜிகனிக்கு மேற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்கா தொடங்குகிறது. அங்கிருந்து தமிழகத்தின் தளி, ஓசூர் வனப்பகுதிகள் வரை யானைகள் நடமாடுகின்றன. மின்சார வாகனத்தின் ஓசையின்மை கிராமங்களுக்கும் விலங்குகளுக்கும் நன்மையே. ஆனால், வனக் காவலரின் செவிக்கு எட்டாமல் காட்டுக்குள் நுழையவும் அதே ஓசையின்மை துணைபோகும். நெருங்கி வரும் வாகனத்தை யானை முன்கூட்டியே உணராதுபோனால், ஆபத்து இரு தரப்புக்கும்தான்.

இதற்கு விடை தடை விதிப்பதன்று, மாற்றிடம் காட்டுவதே. கைவிடப்பட்ட கல்குவாரிகளையும் பயன்படாத தொழிற்பேட்டை நிலங்களையும் பாதுகாப்பு விதிகள், பயிற்சியாளர்கள், சார்ஜ் வசதி ஆகியவற்றுடன் உரிமம் பெற்ற தடங்களாக மாற்றலாம். ஓசை குறைவு என்பதால், பெட்ரோல் பந்தயத் தடத்துக்கு எழும் எதிர்ப்பு இதற்கு அந்த அளவுக்கு எழாது. குறைந்த தொலைவு என்ற குறையும் அங்கே பொருட்டாகாது.

பொம்மசந்திரா தொடங்கி, டிவிஎஸ், ஏத்தர் ஆலைகள் உள்ள ஓசூர் வழியாக, ஓலா ஆலை அமைந்த கிருஷ்ணகிரி மாவட்டம் வரை மின்சார இருசக்கர வாகனத் தொழில் ஒரே நெடுஞ்சாலையை ஒட்டி வேரூன்றியுள்ளது. இவ்வகை வாகனத்தைத் தயாரிக்கும் திறன் இப்பகுதிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. அதை ஓட்டுவதற்கு முறையான களத்தை அமைத்துத் தரும் பொறுப்பு கர்நாடகம், தமிழகம் ஆகிய இரு மாநில அரசுகளையும் சார்ந்தது. அது தாமதமானால், முதலில் விலை கொடுக்கப்போவது பன்னேர்கட்டாவின் காட்டுப்பாதைகளே.