செட்டாக வாங்காதீர்கள்

ஒரு புடவை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிறோம். துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்கிறோம். உள்பக்கத்தைத் திருப்பி நெசவு பார்க்கிறோம். கரைக்கும் உடலுக்கும் பொருத்தமா, முந்தானை எடுப்பாக இருக்கிறதா என்று கூட வந்த நாத்தனாரிடம் நாலு தடவை கேட்கிறோம். அதே ஆட்கள், சோபாவுக்குக் குஷன் உறை வாங்கும்போது மட்டும் கைபேசியில் முதலில் வந்து நிற்கும் ஐந்து உறை செட்டைத் தட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். வந்து சேர்வது என்ன? ஒரே சாம்பல் நிறத்தில் ஐந்து சதுரங்கள். நடுவில் ஒரு மான் தலை, இல்லையென்றால் தங்க நிறத்தில் ஒரு இலை. அதே மான் எதிர்வீட்டு சோபாவிலும் இருக்கும், சம்பந்தி வீட்டு சோபாவிலும் இருக்கும்.

எனக்குக் குஷன் மேல் கோபமில்லை. செட் மேல்தான் கோபம்.

சாய்மானம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. பழைய வீட்டுத் திண்ணைகளில் ஒரு ஓரத்தைச் சற்றே உயர்த்திச் சரிவாகக் கட்டியிருப்பார்கள், தலைவைத்துப் படுப்பதற்காக. கல்யாணக் கூடத்தில் ஜமக்காளம் விரித்துத் திண்டு போடுவது பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை. திண்டு என்றால் சாயலாம். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. இன்றைய குஷனைப் பார்த்தால் வந்த விருந்தாளிக்குக் கை கால் ஓடுவதில்லை. சாய்ந்தால் கசங்கிவிடுமோ என்று பயந்து, எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காபி வரும்வரை அதைக் கட்டிக்கொண்டே பேசுகிறார். மூன்று பேர் உட்காரும் சோபாவில் ஐந்து குஷன் போட்டால் இப்படித்தான் ஆகும். மூன்று போதும். ஆளுக்கொரு முதுகு, முதுகுக்கொரு குஷன்.

வாடகை வீட்டுக்காரர்கள் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும் என்பேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பெயின்டை மாற்றக் கூடாது. தரை வீட்டுக்காரர் போட்ட வெள்ளை டைல்ஸ். நம் ரசனை இதுதான் என்று சொல்ல அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் இடம் திரைச்சீலையும் குஷனும்தான். அதையும் யாரோ கிடங்கில் கட்டிய செட்டுக்கு விட்டுக்கொடுத்தால் எப்படி?

முதலில் உள்ளே இருப்பதைப் பார்ப்போம். உறைக்கு ஆயிரம் செலவழிக்கிறவர்கள் ஃபில்லருக்கு நூறுக்கு மேல் தர மாட்டேன் என்கிறார்கள். மலிவான ஃபில்லர் சில மாதத்தில் தோசையாகிவிடும். பாலியஸ்டர் பஞ்சுதான் வேண்டுமென்றால் கையால் அழுத்திப் பாருங்கள். விட்டவுடன் எழுந்து வர வேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: ஃபில்லர், உறையைவிட இரண்டு அங்குலம் பெரிதாக இருக்க வேண்டும். 16 அங்குல உறைக்குள் 18 அங்குல ஃபில்லர். அப்போதுதான் நான்கு மூலையும் புடைத்து நிற்கும். சரிக்குச் சரி அளவில் போட்டால் மூலைகள் நாய்க்காது மாதிரி தொங்கும்.

என் ஓட்டு இலவம்பஞ்சுக்குத்தான். தேனி, போடி பக்கம் விளைவது. இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம், நமக்குத் தலையணை. இதன் இழை குட்டையானது, வழுவழுப்பானது. நூலாகத் திரிக்கச் சரிப்படாது, திணிக்கத்தான் லாயக்கு. இழையின் உள்ளே காற்று, மேலே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் எளிதில் ஏறாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைத்தது இதைத்தான். கைவைத்தால் குளுமை. பாதகம் இல்லாமல் இல்லை: நாள்பட்டால் கட்டி தட்டும், துவைக்க முடியாது. மாதம் ஒருமுறை மொட்டை மாடி வெயிலில் போட்டு நாலு தட்டுத் தட்டினால் திரும்பவும் உப்பிக்கொள்ளும். திணிக்கும் வேலையை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். பஞ்சுக் கடையிலேயே திணித்து, தைத்து வாங்கிவிடுங்கள். இல்லையேல் ஒரு வாரம் தும்மலாம்.

இனி துணி. காரைக்குடிப் பக்கம் நெய்யும் கண்டாங்கியை மிஞ்சி ஒரு குஷன் துணி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நெசவு. தடித்த பருத்தி, பெரிய கட்டங்கள், அகலக் கரை. கடுகு மஞ்சள், செங்கல் சிவப்பு, கறுப்பு. உடுத்தி நைந்த கண்டாங்கி இன்னும் விசேஷம். துவைத்துத் துவைத்து அது பூவாகியிருக்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் கிழிசல், கறை எல்லாம் தள்ளினாலும் எட்டு உறை தாராளமாக வரும். வெட்டும்போது டெய்லர் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். கட்டம் நடுவில் விழ வேண்டும். கரை ஒரு ஓரமாக மட்டும் ஓட வேண்டும். அவரிடம் விட்டால் துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று கோணலாக வெட்டிவிடுவார். ஒரே சேலையில் வெட்டினாலும் எட்டும் எட்டு மாதிரி இருக்கும் என்பதுதான் அழகே.

ஊட்டிக்குப் போகிறவர்கள் வர்க்கி வாங்குவதோடு நின்றுவிடாமல் தோடர் பூவேலை செய்த உறை ஒன்றும் வாங்கி வரலாம். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக நூல். தோடர் பெண்கள் துணியில் கோடு வரைந்துகொள்வதில்லை, சட்டம் போடுவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தைத்தது என்றே தெரியாது, நெய்தது போலிருக்கும். இதற்கும் 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பேரம் பேசாதீர்கள். ஒரு சோபாவுக்கு ஒன்று போதும். இரண்டாவது வைத்தால் முதலாவதின் மதிப்பு குறையும்.

மதுரைச் சுங்குடி மெல்லிசு. புள்ளிகள் அழகுதான், ஆனால் உள்ளே காடாத் துணி லைனிங் இல்லாமல் தைத்தால் ஃபில்லர் தெரியும். பவானி ஜமக்காளத்தில் தைத்தவை ஊஞ்சலுக்கும் தரைக்கும் பொருந்தும்; கன்னத்தை வைத்துப் படுத்தால் வரி விழும். கண்ணாடி பதித்த குஜராத் வேலைப்பாடு கண்ணுக்கு விருந்து, முதுகுக்குத் தண்டனை. கரூர்ப் பக்கம் போனால், ஏற்றுமதிக்கு நெய்து மிஞ்சிய நல்ல கெட்டித் துணி கிடைக்கும். ஒரு நிறத் துணிகளுக்கு அதைத்தான் சொல்வேன்.

அம்மாவின் பழைய பட்டை வெட்டலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. பீரோவில் மடிப்போடு மடிப்பாக இற்றுப்போவதைவிட வெட்டுவது மேல். ஆனால் பட்டு மடித்த இடத்தில்தான் முதலில் விடும். அந்த வரியைத் தவிர்த்து வெட்டுங்கள். முன்பக்கம் மட்டும் பட்டு, பின்பக்கம் பருத்தி. ஜரிகை உராயும், அதனால் நாள் முழுக்கச் சாய்கிற இடத்தில் வேண்டாம். கட்டில் தலைமாட்டிலோ மூலை நாற்காலியிலோ இருக்கட்டும். அக்கா தங்கைகள் இருந்தால் கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

நிறத்துக்கு எந்த அயல்நாட்டு இதழையும் புரட்ட வேண்டியதில்லை. ஜவுளிக்கடைக்காரர் வாயிலேயே எல்லாம் இருக்கிறது: அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, பாக்கு நிறம், வெங்காயத் தோல், எம்.எஸ். நீலம். எதற்கு எது கரையாக வரும் என்பதும் நமக்கு மனப்பாடம். அரக்குக்கு மஞ்சள், மயில் கழுத்துக்கு இளஞ்சிவப்பு. அந்தக் கணக்கையே சோபாவுக்கும் போடுங்கள். சோபா உடல், குஷன் கரை. ஒன்று வெறும் நிறம், ஒன்று கட்டம், ஒன்று வேலைப்பாடு. மூன்றிலும் ஒரு நிறமாவது பொதுவாக ஓடட்டும். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருக்கும் பாக்கியசாலிகள் மட்டும் அடக்கி வாசிக்க வேண்டும். பூவும் நட்சத்திரமுமாகத் தரையே அவ்வளவு பேசும்போது குஷன் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை.

தையலில் இரண்டே கோரிக்கை. ஜிப் கீழ்ப்பக்கம் வர வேண்டும், பட்டன் வேண்டாம், குழந்தைகள் பிய்த்துவிடும். உள்தையலுக்கு ஓவர்லாக் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கைத்தறி நாலு துவைப்பில் பிரிந்து வரும். டெய்லரிடம் கொடுப்பதற்கு முன் புதுத் துணியைத் தனியாக ஒரு முறை நனைத்து, நிழலில் உலர்த்திவிடுங்கள். கைத்தறி முதல் தண்ணீரில் சுருங்கும்; தைத்த பிறகு சுருங்கினால் அந்த 18 அங்குல ஃபில்லர் உள்ளே போகாது.