குல்டீகா யாருடைய ஊர்?

பால்டிக் கடலோரத்திலே லாட்வியா என்று ஒரு சிறிய நாடு. அதன் மேற்குப் பகுதியில், வென்டா நதிக்கரையில், குல்டீகா என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகை சுமார் 10,000. மரத்தால் கட்டிய பழைய வீடுகள், ஓடு வேய்ந்த கூரைகள், கல் பாவிய வீதிகள். ஊருக்குப் பக்கத்தில் நதியின் குறுக்கே ஓர் அருவி. உயரம் ஓர் ஆள் மட்டம்தான். அகலமோ சுமார் 249 மீட்டர்! ஐரோப்பாவிலேயே அகலமான அருவி என்று அதற்கு விளம்பரம் செய்கிறார்கள்.

2023-ம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த ஊரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளூர்க் கைவினைஞர்களும், பால்டிக் கரை முழுவதும் சுற்றித் தொழில் செய்த கைவினைஞர்களும் கலந்து உருவாக்கிய ஊர் இது என்று அந்த அறிவிப்பு ஒப்புக்கொள்கிறது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். தச்சனும் கொத்தனும் செய்த வேலைக்கு உலகம் தலைவணங்குவது நல்லதுதான்.

ஆனால், சுற்றுலாக் கம்பெனிகளின் ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். தச்சன் எங்கே? கொத்தன் எங்கே? பக்கத்துக்குப் பக்கம் கோமகன்தான்! கோமகன் பிறந்த ஊர், கோமகன் அரசாண்ட ஊர், அருவியிலே துள்ளும் மீனைக் கூடை கட்டி ஆகாயத்திலேயே பிடித்த கோமகன்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வித்தையை அம்பலப்படுத்துவது நமது கடமையாகிறது.

அங்கியை மாற்றிய பிரபுக்கள்

குல்டீகாவின் எழுதப்பட்ட சரித்திரம் 13-ம் நூற்றாண்டில் ஆரம்பிக்கிறது. சிலுவையையும் வாளையும் ஒருசேர ஏந்திவந்த ஜெர்மன் துறவிப் படையினர் நதிக்கரையில் கோட்டை கட்டினார்கள். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த கூர் இன மக்களின் நிலம் அவர்கள் வசமாயிற்று. ஊருக்குக் கோல்டிங்கன் என்று ஜெர்மன் பெயரும் வந்தது.

1561-ல் அந்தத் துறவிப் படையின் கடைசித் தலைவன் கோட்ஹார்ட் கெட்லர் துறவி அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு, போலந்து மன்னனுக்குக் கப்பம் கட்டும் கோமகனானான். குர்லாந்து - செம்காலியா கோமகனாட்சி பிறந்தது இப்படித்தான். அங்கி மாறியது, நிலம் கைமாறவில்லை. உழுதவன் உழுதுகொண்டே இருந்தான்.

1617-ல் இந்த ஆட்சிக்கு ஒரு சட்டத் தொகுப்பு வகுக்கப்பட்டது. யாருக்காக? பிரபுக்களுக்காக! குடியானவன் பிரபுவின் உடைமை, தப்பி ஓடினால் பிடித்துவர பிரபுவுக்கு உரிமை உண்டு என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். கல் பாவிய வீதிகளில் நடந்து பரவசப்படும் யாத்ரீகருக்கு இந்தச் சட்டத்தைப் பற்றி எத்தனை ஏடுகள் சொல்கின்றன?

இரண்டு தீவுகள்

1610-ல் குல்டீகாவில் பிறந்தான் யாக்கோப் கெட்லர். 1642 முதல் 1682 வரை ஆண்ட இவனைத்தான் ஊரின் தவப்புதல்வன் என்று கொண்டாடுகிறார்கள். கப்பல் கட்டினான், இரும்பு உருக்கினான், கடல் கடந்து குடியேற்றம் கண்டான் என்கிறார்கள்.

கண்டது உண்மைதான். 1651-ல் ஆப்பிரிக்காவில் காம்பியா நதியின் நடுவே ஒரு தீவைப் பெற்றுக் கோட்டை எழுப்பினான். 1654-ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொபாகோவுக்குச் சிப்பாய்களையும் குடியேற்றக்காரர்களையும் அனுப்பினான். அங்கே குர்லாந்து என்ற பெயரிலேயே ஒரு விரிகுடா இன்றும் இருக்கிறது. 1658-ல் சுவீடன் படை கோமகனையே சிறைபிடித்தது. அடுத்த ஆண்டு டொபாகோ டச்சுக்காரரிடம் போயிற்று. 1661-ல் காம்பியாத் தீவு ஆங்கிலேயரிடம் போயிற்று.

அந்தக் காம்பியாத் தீவின் கதை என்ன? ஆங்கிலேயர் அதற்கு ஜேம்ஸ் தீவு என்று பெயரிட்டு, மனிதரைப் பிடித்து அடைத்துக் கப்பலேற்றும் அடிமைச் சந்தையாக நடத்தினார்கள். இன்று அதன் பெயர் குன்டா கின்டே தீவு. அதுவும் யுனெஸ்கோவின் பட்டியலில் இருக்கிறது, 2003-லேயே சேர்க்கப்பட்டுவிட்டது. எதற்காக? அடிமை வியாபாரத்தின் கொடுமையை மனித குலம் மறக்கக்கூடாது என்பதற்காக!

பாருங்கள் இந்த விசித்திரத்தை! ஒரே கோமகனின் கை பட்ட இரண்டு இடங்கள். நதி நடுவிலுள்ள தீவிலே விலங்கு பூட்டப்பட்டவன் நினைக்கப்படுகிறான். கோமகன் பிறந்த ஊரிலோ கோமகனுக்கு ஆராதனை நடக்கிறது. ஒரே கயிற்றின் இரண்டு நுனிகளையும் சேர்த்துக் காட்ட விளம்பரக் கனவான்களுக்கு ஏன் துணிவில்லை?

“சின்னஞ்சிறு தேசம் ஒருகாலத்தில் கடல் கடந்து கொடி நாட்டியது, அந்தப் பெருமையை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்று சிலர் கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: எந்தத் தேசம், ஐயா? கோமகன் பேசியது ஜெர்மன் மொழி. கப்பலுக்கான மரம் நின்ற காட்டிலும், அவனுக்கான தானியம் விளைந்த வயலிலும் வேலை செய்த லாட்விய மொழிக்காரன் பண்ணையடிமை. அடிமையாக இருந்தவனின் பேரன்மார், ஆண்டையின் காலனியைத் தங்கள் பெருமையாகச் சுமக்க வேண்டுமென்பது என்ன நியாயம்? கொள்ளையில் பங்கு கிடைக்காதவன் கொள்ளைக்காரனின் புகழில் மட்டும் பங்கு கேட்பானா?

நிலமில்லாத விடுதலை

1795-ல் குர்லாந்து ரஷ்ய ஜாரின் சாம்ராஜ்யத்தில் சேர்க்கப்பட்டது. 1817-ல் அங்கே பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் ஒரு குழி நிலம்கூடக் குடியானவனுக்கு இல்லை! நிலமெல்லாம் பிரபுவுக்கே. லாட்விய மக்கள் இதற்கு இட்ட பெயர் “பறவைச் சுதந்திரம்”. பறக்கலாம், உட்காரக் கிளை கிடையாது.

அந்த வஞ்சனைக்குப் பதில் 1905-ல் வந்தது. லாட்விய நாடெங்கும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கிராமத்து மக்கள் எழுந்தனர். நூற்றுக்கணக்கான பிரபு மாளிகைகள் எரிந்தன. ஜாரின் தண்டனைப் படைகள் வந்து, விசாரணையின்றி மக்களைச் சுட்டன. பிரபுக்களின் பெரும் பண்ணைகள் உடைந்தது 1920-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தத்தில்தான். ஏழு நூற்றாண்டு காத்திருந்த நிலம்! இதுவல்லவா குல்டீகா வட்டாரத்தின் சரித்திரம்?

மறைக்கக்கூடாத கணக்கு

இன்னும் கேளுங்கள். 1941 கோடையில் ஹிட்லரின் படை குல்டீகாவில் நுழைந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த யூதர்களை, அவர்களுக்குக் கையாளாக நின்ற உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து அதே ஆண்டில் கொன்று தீர்த்தார்கள். 1875-ல் கட்டப்பட்ட யூத ஜெபாலயம் இன்று ஊரின் நூல்நிலையமாக நிற்கிறது. கட்டிடம் இருக்கிறது, அதில் கூடிய ஜனங்கள் இல்லை. அங்கே புத்தகம் எடுக்க வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் இந்த உண்மை சொல்லப்பட வேண்டும்.

“நாஜிக் கொடுமையைப் பேசும் நீங்கள், சோவியத் காலத்தை மூடி மறைப்பீர்கள்” என்று சிலர் நகைக்கக்கூடும். மறைக்கமாட்டோம். 1941 ஜூனிலும் 1949 மார்ச்சிலும் லாட்வியாவிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் ரயிலேற்றி நாடு கடத்தப்பட்டார்கள். 1949-ல் மட்டும் 42,000 பேருக்கு மேல். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். குழந்தையை ரயிலேற்றியவன் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும் அது அநீதியே. உழைக்கும் மக்களின் சரித்திரம் என்று பேசுகிறவன், தனக்குச் சௌகரியமான பக்கத்தை மட்டும் படிக்க முடியாது.

வீடு இருக்கிறது, ஆள் எங்கே?

இதெல்லாம் பழங்கதை, இன்றைக்கு என்ன என்று கேட்கலாம். இன்றைக்குத்தான் கேள்வியே! 1989-ல் லாட்வியாவின் ஜனத்தொகை 26 லட்சத்துக்கு மேல். இன்று 19 லட்சத்துக்கும் குறைவு. பிறப்பு குறைந்தது, பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். 2004-ல் ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தபின் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் கூலி தேடிப் புறப்பட்ட வாலிபர்கள் ஆயிரமாயிரம். சிற்றூர்கள்தான் அதிகம் வெறிச்சோடின.

கூரைக்கு ஓடு மாற்றப் பணம் தேடுகிறீர்கள், நல்லது. அந்தக் கூரையின் கீழ் வாழப்போகிறவனுக்கு வேலை எங்கே? கட்டுப்படியாகும் வாடகை எங்கே? கோடையில் வந்து படமெடுத்துப் போகிறவர்களுக்காக மட்டும் ஓர் ஊரைத் துடைத்து வைத்தால், அது ஊரல்ல, கண்ணாடிப் பெட்டி!

நாம் கேட்பது இதுதான்: குல்டீகாவின் வீதியில் கோமகன் பெயர் இருக்கட்டும், பக்கத்திலேயே பண்ணையடிமையின் கதை, காம்பியாத் தீவின் கதை, கொல்லப்பட்ட யூதரின் கதை, ரயிலேற்றப்பட்ட குழந்தையின் கதை எல்லாம் எழுதப்படட்டும். அந்த மர வீடுகளில் உழைக்கும் குடும்பங்கள் குடியிருக்க வழி பிறக்கட்டும். தச்சன் கட்டிய ஊர் தச்சன் மக்களுக்கே சேர வேண்டும்!