சாயும் விசிறி டிரோன் எவ்வேலைக்கு ஏற்றது?

மருந்து தெளிக்கும் டிரோன்கள் நம் வயல்களுக்கு வந்து சில வருஷங்களாகின்றன. இப்பொழுது அதைவிட நூதனமான யந்திரம் ஒன்றைப் பற்றிக் குடியானவர்கள் விசாரிக்கின்றனர். விசிறிகளை மேல்நோக்கி நிறுத்திக் கிளம்பி, பின்னர் அவற்றை முன்புறம் சாய்த்து, இறக்கைகளின் பலத்தால் பறந்து செல்லும் டிரோனே அது. முறை புதிதன்று, இவ்வாறு அமைந்த எக்ஸ்.வி.-15 என்னும் அமெரிக்க விமானம் 1977-லேயே பறந்தது.

தெளிப்பு வேலைக்கு இதை வாங்குவது வீண் செலவென்பது எமது அபிப்பிராயம். சங்கப் பணத்தை இதில் போட நினைப்போர் சற்று யோசிக்க வேண்டும். தெளிக்கும் யந்திரம் பயிருக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் நிதானமாகச் செல்லவேண்டும். விசிறிக் காற்று கீழ்நோக்கி அடிப்பதனாலேயே மருந்து இலைகளுக்குள் இறங்குகிறது. இறக்கையோ வேகமிருந்தாலன்றிப் பாரம் தாங்காது. அரை ஏக்கர் வயலில் அது வேகம் பிடிப்பதற்குள் எதிர் வரப்பு வந்துவிடும்.

இதற்குரிய வேலை வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியம் பக்கத்துத் தென்னந்தோப்புகளை வீழ்த்தியபோது, நிவாரணம் மரக்கணக்கில் வழங்கப்பட்டது. எண்ணி முடியும்வரை தோப்புக்காரர் காத்திருக்கத்தானே வேண்டும்? அத்தகைய சமயத்தில், ஓடுபாதை வேண்டாமல் கிளம்பி, நாலு விசிறி டிரோனைவிட வெகுதூரம் பறந்து படமெடுக்கும் யந்திரத்தின் அருமை தெரியும். டெல்டா ஜில்லாக்களுக்கென இலாகா இதை வாங்கி வைத்தல் நியாயமே.

ஆயினும் இதைக் கட்டுப்படுத்துதல் எளிதன்று. நின்று பறக்கையில் வலது, இடது விசிறிகளின் வேகத்தை வேறுபடுத்தினால் யந்திரம் பக்கவாட்டில் சாயும். முன்னோக்கிப் பறக்கையில் அதே வேறுபாடு மூக்கைத் திருப்பும். விசிறிகள் பாதி சாய்ந்திருக்கும்போது இரண்டும் கலந்து நிகழும். கோணத்திற்கேற்பக் கட்டளையைக் கணந்தோறும் பங்கிடுவது உள்ளிருக்கும் கணிப்பொறியின் வேலை. மனிதக் கைக்கு அது ஆகாது. போதிய வேகம் சேருமுன் விசிறிகளை முழுதும் சாய்த்தால் யந்திரம் தாழ்ந்து விழும். செயற்கைக்கோள் வழியாக அறியும் தரைவேகத்தை இதற்கு நம்பலாகாது. பின்காற்று அடித்தால் ஏமாற்றிவிடும். காற்றுவேகத்தை அளப்பது முன்னே நீட்டியிருக்கும் சிறு குழாய். அதைத் திறந்து வைத்தால் குளவி மண்ணடைத்துவிடும். குளவிக்குச் சாவித்துவாரமும் அதுவும் ஒன்றுதான்.

விற்போர் காற்றில்லாத காலை வேளையில் பறக்கவிட்டுக் காட்டுவர். இலாகா அதிகாரிகள் ஆடிமாதத்துக் காற்றில், காமிராவைப் பொருத்தி, விசிறிகள் சாய்வதையும் மீண்டும் நிமிர்வதையும் பத்து முறையேனும் செய்து காட்டச் சொல்லவேண்டும். ஒரு விசிறியைச் சாய்க்கும் மோட்டார் நடுவில் நின்றுவிட்டால் யந்திரம் என்ன செய்யுமென்றும் கேட்கவேண்டும். விடை திருப்தியாக இராவிடில், நாலு விசிறி டிரோன்களைக் கொண்டே சில நாட்கள் கூடுதலாக அளந்துகொள்ளலாம்.